22 வாட் வால்வு ஆம்ப்: ஆறு ஒத்திகைகளும் ஒரு மேடையும்

புதிய ஆம்ப், அதாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி, கைக்கு வந்த அன்று அதைத் தனியறையில் இரண்டு மணி நேரம் வாசித்தேன். மறுநாள் மாலை குழுவுடன் வாசித்தேன். இரண்டு நாளும் அதே கிட்டார், அதே கேபிள். உச்ச ஒலிக்கான ட்ரெபிள் குமிழும் அடி ஒலிக்கான பேஸ் குமிழும் அதே எண்களில்தான் நின்றன. வால்யூமை மட்டும் கூட்டியிருந்தேன். முதல் நாள் அறையை நிறைத்த அந்த ஒலி, இரண்டாம் நாள் முதல் பாடலின் பாதிக்குள் காணாமல் போயிற்று. டிரம்ஸ் நிற்கும் இடைவெளிகளில் அது நன்றாகவே கேட்டது. மற்ற நால்வரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கியதும், அடியில் இருந்ததை பேஸ் கிட்டாரும் மேலே இருந்ததை சிம்பல்களும் விழுங்கிவிட, நடுவில் ஒரு மெல்லிய கீற்று மட்டுமே எஞ்சியது. வால்யூமை இன்னும் ஏற்றிப் பார்த்தேன். ஒலி தெளிவை இழந்ததே தவிர, கிட்டார் முன்னுக்கு வரவில்லை.

அதன் பிறகு ஆறு ஒத்திகைகளும் ஒரு மேடை நிகழ்ச்சியும் முடிந்துவிட்டன. இப்போது இந்த ஆம்பை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததில் பாதிப் பங்குதான் ஆம்புக்கு உரியது; மீதிப் பாதி, நாங்கள் ஐவரும் வாசிக்கும் முறையில் செய்துகொண்ட மாற்றங்களுக்கு உரியது. இந்த வகை ஆம்பை வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் அந்த இரண்டு பாதிகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. 22 வாட் திறன், வெளியீட்டுப் பகுதியில் இரண்டு 6வி6 வால்வுகள் (மின் சமிக்ஞையைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள்), 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, பின்புறம் பாதி திறந்த பெட்டி, உள்ளேயே ஸ்பிரிங் ரிவெர்ப் (எதிரொலி), ட்ரெமலோ (ஒலியளவை அலையாக ஏற்றி இறக்குவது). ஃபெண்டர் நிறுவனம் 1963-ஆம் ஆண்டு டீலக்ஸ் ரிவெர்ப் என்ற பெயரில் வெளியிட்ட ஆம்பின் மின்சுற்றைப் பின்பற்றிச் செய்யப்பட்டது. அந்த மின்சுற்றைச் சிறிதும் பெரிதுமாக மாற்றி இன்று பலர் ஆம்ப் செய்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு சிறிய பட்டறையில் கையால் பற்றவைத்துச் செய்யப்பட்டது. எனவே ஒலியைப் பற்றி நான் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எல்லா ஆம்புகளுக்கும் பொருந்தும். என்னிடம் வந்த இந்த ஒன்றில் மட்டும் இருந்த குறைகளை அந்தந்த இடத்தில் தனியாகச் சொல்கிறேன். எங்கள் குழுவில் டிரம்ஸ், பேஸ் கிட்டார், கீபோர்டு ஆகியவற்றுக்கு ஒவ்வொருவர். பாடுபவரே இரண்டாவது கிட்டாரையும் வாசிக்கிறார். ஐந்தாவது ஆள் நான். இதற்கு முன் பல ஆண்டுகளாக நான் பயன்படுத்தியது 100 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப்.

முதல் ஒத்திகையில் நடந்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று காதைச் சார்ந்தது. ஒலி மெதுவாக இருக்கும்போது நம் காது அடி ஒலிகளையும் உச்ச ஒலிகளையும் குறைவாகவே உணர்கிறது என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டிவிட்டார்கள். வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது அந்தக் குறையை ஈடுகட்ட நம் கை தானாகவே பேஸ் குமிழையும் ட்ரெபிள் குமிழையும் ஏற்றிவிடுகிறது. அதே அமைப்பை டிரம்ஸ் வாசிக்கும் அறைக்குக் கொண்டுபோய் வால்யூமை ஏற்றினால், காது இப்போது அடியையும் உச்சியையும் முழுமையாகக் கேட்பதால், ஒலி ஒரு பக்கம் கொழகொழவென்றும் மறு பக்கம் குத்துவதாகவும் ஆகிவிடுகிறது. தனியறையில் அழகாக இருந்த அமைப்பைக் குழுவில் அப்படியே வைத்திருக்க முடியாமல் போவதற்கு இதுவே அடிப்படை.

இரண்டாவது காரணம் ஆம்பைச் சார்ந்தது. இதில் நடு அதிர்வெண்களுக்கான மிட் குமிழ் கிடையாது. அது இருக்க வேண்டிய இடத்தில் 6.8 கிலோ ஓம் மின்தடை ஒன்றை நிரந்தரமாக வைத்திருக்கிறார்கள். இந்த வகை டோன் சுற்று தன் இயல்பிலேயே நடு அதிர்வெண்களைக் குழியாக வெட்டுவது. ட்ரெபிளையும் பேஸையும் ஏற்ற ஏற்ற அந்தக் குழி ஆழமாகும். தனியாகக் கேட்கையில் இந்தக் குழிதான் ஒலிக்குக் கண்ணாடி போன்ற பளபளப்பைத் தருகிறது. குழுவில், கிட்டாருக்கென்று மிஞ்சும் ஒரே இடம் அந்த நடுப்பகுதிதான். கிட்டாரின் ஆறாவது கம்பி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பேஸ் கிட்டாரின் நான்காவது கம்பி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. ஆகவே கிட்டாரின் அடிப்பகுதி முழுவதும் பேஸ் கிட்டார் நடமாடும் வெளிக்குள்தான் விழுகிறது. அங்கே எவ்வளவு முட்டினாலும் வெல்லப்போவது பேஸ் கிட்டார்தான். வெல்ல வேண்டியதும் அதுதான்.

தீர்வு, குழிக்கு எதிர்த்திசையில் போவது. இந்தச் சுற்றில் ட்ரெபிளையும் பேஸையும் இறக்கினால் குழியின் ஆழம் குறைகிறது; இழந்த ஒலியளவை வால்யூமில் மீட்டுக்கொள்ளலாம். இரண்டாவது ஒத்திகையில் பேஸை 6-லிருந்து இரண்டரைக்கும் ட்ரெபிளை 6-லிருந்து 4-க்கும் இறக்கி, வால்யூமை 5-க்குக் கொண்டுவந்தேன். டிரம்ஸ் தொடங்குவதற்கு முன் தனியாக ஒரு கார்ட் மீட்டியபோது, அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் வறண்டிருந்த அந்த ஒலியைக் கேட்டு எனக்கே வருத்தமாக இருந்தது. நால்வரும் சேர்ந்ததும் அதே ஒலி, சாவி பூட்டுக்குள் பொருந்துவதுபோல் போய் உட்கார்ந்துகொண்டது. பேஸ் கிட்டார் வாசிக்கும் அண்ணன் பாட்டு முடியும்வரை ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும், “தம்பி, இன்னைக்குத்தான் என் அடிக்கம்பி எனக்கே கேக்குது” என்றார். என் கிட்டார் எடுப்பாக வர வேண்டும் என்று செய்த மாற்றத்தின் முதல் பலன் அவருக்குத்தான் கிடைத்தது.

இந்த ஆம்பின் பேஸ் குமிழைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வால்யூம் 3-க்குக் கீழே இருக்கும்வரை பேஸை எவ்வளவு வைத்தாலும் தாங்கும். அதற்கு மேல் போய் வால்வுகள் சிணுங்கத் தொடங்கியதும், முதலில் உடைவது அடி ஒலிகளே. சின்னப் பெட்டியும் திறந்த முதுகும் அதைக் கட்டிப்பிடிக்க முடியாமல் ஒலி தொளதொளத்துவிடும். வால்யூம் ஏற ஏற பேஸ் இறங்க வேண்டும் என்ற இந்தப் பழக்கம் கைக்கு வருவதற்குள் எனக்கு இரண்டு ஒத்திகைகள் கழிந்துவிட்டன.

அடுத்து, எல்லோரும் கேட்கும் கேள்வி: 22 வாட் போதுமா? 100 வாட்டிலிருந்து 22 வாட்டுக்கு இறங்குவதைப் பெரும் இழப்பாகக் கருதுவது இயல்பு. நானும் அப்படித்தான் கருதினேன். திறனை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே; காதுக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்குத் திறன் வேண்டும். இந்தக் கணக்கில் 100 வாட்டுக்கும் 22 வாட்டுக்கும் இடையே உள்ள தூரம் ஆறரை டெசிபலைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். ஸ்பீக்கரின் உணர்திறனும் இதில் சேரும். 1 வாட்டில் 1 மீட்டர் தொலைவில் 97 டெசிபல் தரும் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபல் தரும் ஸ்பீக்கரை மாட்டினால், ஆம்பின் திறனை இரட்டிப்பாக்கியதற்குச் சமமான பலன் கிடைத்துவிடும்.

ஆகவே ஒலியளவைப் பொறுத்தவரை 22 வாட் ஓர் ஒத்திகை அறைக்குத் தாராளமாகவே போதும். போதாமல் போகக்கூடியது வேறொன்று: சிதையாத, தூய்மையான ஒலிக்கான இடம். சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் ஒற்றைச் சுருள்) உள்ள என் கிட்டாரில் வால்யூம் 4 வரை ஒலி முற்றிலும் தெளிவாக இருக்கிறது. 4-க்கும் 6-க்கும் இடையில், விரல் அழுத்தத்தைப் பொறுத்துத் தெளிவும் சிதைவும் மாறி மாறி வருகின்றன. 6-ஐத் தாண்டினால் எப்படி வாசித்தாலும் சிதைவுதான், ஒலியளவும் அதற்கு மேல் பெரிதாக ஏறுவதில்லை. முதல் ஒத்திகையில், தடித்த குச்சிகளால் முழு வீச்சில் அடிக்கும் எங்கள் டிரம்ஸ் கலைஞருக்கு ஈடுகொடுக்க எனக்கு 6 தேவைப்பட்டது. அப்படியென்றால் மெல்லிய பாடல்களில் எனக்குத் தூய ஒலியே இல்லை என்று பொருள். எதிர் நிலையில் இருக்கும் டிரம்ஸ் கலைஞர் எவ்வளவு உரக்க வாசிக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த ஆம்பை யாரும் வாங்கக்கூடாது என்பேன்.

எங்கள் விஷயத்தில் இது நல்லபடியாக முடிந்தது. அவர் என்னைவிட வயதில் இளையவர்; சொன்னால் தவறாக எடுத்துக்கொள்வாரோ என்று நான் தயங்கிக்கொண்டிருக்க, மூன்றாவது ஒத்திகைக்கு அவராகவே மெலிந்த குச்சிகளுடன் வந்து, “அண்ணா, நான் கொஞ்சம் எறங்கி வரேன், நீங்க அஞ்சுலயே நில்லுங்க” என்றார். அன்றைக்கு எல்லோரும் இறங்கினோம். கைபேசியில் உள்ள ஒலியளவு மானி துல்லியமானது அல்ல என்றாலும், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். முதல் ஒத்திகையில் 100 டெசிபலை ஒட்டி நின்ற முள் அன்று 94, 95 என்ற அளவில் நின்றது. தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நலத்துக்கான அமெரிக்க தேசிய நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பின்படி, 100 டெசிபலைக் காது பாதுகாப்பாகத் தாங்கும் நேரம் நாளொன்றுக்கு 15 நிமிடம். 94 டெசிபலுக்கு 1 மணி நேரம். இரண்டு மணி நேர ஒத்திகைக்கு இதுவும் அதிகம்தான் என்பதால் ஐவரும் காதடைப்பான் அணிந்தே வாசிக்கிறோம். ஆனாலும் அந்த ஐந்தாறு டெசிபல் குறைந்ததில் ஒவ்வொருவருக்கும் மற்றவர் வாசிப்பது கேட்கத் தொடங்கியது.

அந்த 5 என்ற எண்ணில் இந்த ஆம்ப் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நான் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அதுதான். எங்கள் பாடல் ஒன்று, கிட்டாரும் குரலும் மட்டுமாகத் தொடங்கி, இரண்டாம் சரணத்தில் டிரம்ஸ் நுழைந்து, கடைசியில் ஐவரும் முழு வேகத்தில் முடிப்பது. பழைய ஆம்பில் இதற்கு, ஒலியின் தன்மையை மாற்றும் மூன்று பெடல்களை மாற்றி மாற்றி மிதிப்பேன். ஒவ்வொரு மிதிக்கும் ஒலி ஒரு படி தாவும், அந்தத் தாவல் கேட்பவருக்கும் தெரியும். இந்த ஆம்பில், கிட்டாரின் வால்யூமை 6-ல் வைத்து விரல் சதையால் மீட்டினால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக, நீர் சொட்டுவதுபோல் கேட்கிறது. டிரம்ஸ் நுழையும் இடத்தில் பிக்கை எடுத்துக்கொள்கிறேன். ஒலியின் விளிம்பில் மட்டும் ஒரு சொரசொரப்பு ஏறுகிறது. கடைசிப் பகுதிக்கு, சுண்டுவிரலால் கிட்டாரின் வால்யூமை 10-க்கு உருட்டி ஓங்கி அடித்தால், கார்ட் முதலில் ஒரு கணம் அமுங்கி, பிறகு மூச்சு இழுத்ததுபோல் விரிந்து எழுகிறது. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ஜிஇசட்34 என்ற ரெக்டிஃபயர் வால்வு, திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்கப்படும்போது மின்னழுத்தத்தைச் சற்றுத் தாழவிட்டு மீண்டும் நிமிர்வதுதான் இதற்குக் காரணம். பாட்டு முழுவதும் கால் தரையிலேயே இருந்தது. எந்தப் பெடலையும் தொடவில்லை. இதே ஆம்பை வீட்டில் வால்யூம் 2-ல் வைத்து எத்தனை மணி நேரம் வாசித்தாலும் இந்த அசைவு வெளியே வராது. வால்வுகள் உழைக்கத் தொடங்கிய பிறகுதான் அது வருகிறது.

பெடல்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. தனி வாசிப்புகளுக்கு நடுப்பகுதியை உயர்த்தும் ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை வைத்திருக்கிறேன். ஐபனேஸ் டியூப் ஸ்கிரீமர் வகைப் பெடல்கள் 720 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை மேடாக்கித் தருவதால், இந்த ஆம்பின் குழியை அந்த மேடு நிரப்பிவிடுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று செய்துவைத்தது போல இருக்கிறது. மாறாக, நடுப்பகுதியைத் தானும் வெட்டும் ஃபஸ் பெடல் ஒன்றை மாட்டினேன்; குழிக்குள் குழி தோண்டியதுபோல், தனி வாசிப்பு முழுவதும் என் கை அசைந்ததை மட்டுமே குழுவினர் பார்த்தார்கள்.

ரிவெர்ப் உள்ள சேனலில் (தனி ஒலிப் பாதையில்) மட்டும், வால்யூம் குமிழின் மேல் 47 பிக்கோஃபாரட் மின்தேக்கி ஒன்று இருக்கிறது. வால்யூம் குறைவாக இருக்கையில் உச்ச ஒலிகளைத் தனியாகக் கடத்திவிடுவது அதன் வேலை. வால்யூம் ஏற ஏற அதன் தாக்கம் மறைந்துவிடும். மெதுவாக வாசிக்கையில் காதைக் குத்துகிறது என்று சிலர் இந்த ஆம்பைக் குறை சொல்வதற்கும், உரக்க வாசிப்பவர்கள் அப்படி எதுவும் இல்லை என்று மறுப்பதற்கும் இதுவே காரணம். என் காதுக்கு 3-ல் கூர்மையாக இருந்த ஒலி 5-ல் முழுமையாகிவிட்டது. உள்ளீட்டுத் துளைகளிலும் ஒரு வசதி உண்டு: இரண்டாவது துளையில் செருகினால் சமிக்ஞை 6 டெசிபல் குறைகிறது. வலுவான சமிக்ஞை தரும் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) உள்ள பாடகரின் கிட்டார் முதல் துளையில் மூன்றரையிலேயே சிதைந்தது; இரண்டாவது துளையில் அவருக்கும் தூய ஒலி கிடைத்தது.

ஆம்பை அறையில் எங்கே வைப்பது என்பதற்காக ஓர் ஒத்திகையையே முழுதாகச் செலவழித்தோம், அது வீண்போகவில்லை. 12 அங்குல ஸ்பீக்கர் உச்ச ஒலிகளை ஒரு கைவிளக்கின் கற்றைபோல் நேரே முன்னால் வீசுகிறது. ஆம்ப் என் முழங்காலுக்குப் பின்னால் தரையில் இருந்தபோது அந்தக் கற்றை என் காலுக்கு நடுவே புகுந்து நேரே பாடகரின் முகத்தில் அடித்தது. எனக்குக் கேட்டது மழுங்கிய ஒலி, அவருக்குக் கேட்டது ஊசி. நான் ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போனதும், அவர் முகம் சுளித்துக்கொண்டே பாடியதும் இதனால்தான். ஆம்பை ஒரு நாற்காலியின் மேல் ஏற்றி, பக்கவாட்டில் திருப்பி என் காதை நோக்கி வைத்ததும் ட்ரெபிளை ஒரு புள்ளி இறக்கினேன். தரையை விட்டு எழும்பியதால் அடி ஒலியின் வீக்கமும் தானாகவே குறைந்தது. திறந்த முதுகினால் பின்பக்கமும் ஒலி செல்கிறது. முதுகுக்கும் சுவருக்கும் இடையே ஒரு மீட்டர் இடம் விட்டபோது, பின்னால் திரும்பிய ஒலி டிரம்ஸ் கலைஞரின் பக்கம் போய்ச் சேர்ந்ததால், அவர் தனக்கு மானிட்டரில் கிட்டாரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ரிவெர்ப் ஆழமும் ஈரமும் உள்ளது. ஆனால் குமிழ் 3-ஐத் தாண்டினால் குழுவில் கிட்டார் பின்வாங்கிவிடுகிறது. இரண்டரையில் வைத்து மறந்துவிட்டேன். ஸ்பிரிங்குகள் பெட்டியின் அடியில் இருப்பதால் வாசிக்கும்போது ஆம்பை யாராவது இடித்தால் இடி இடித்ததுபோல் சத்தம் வரும். கேபிளை ஒதுக்கிக் கட்டிவைப்பது நல்லது. ட்ரெமலோவுக்கு முகப்பில் ‘வைப்ரேட்டோ’ என்று எழுதியிருக்கிறார்கள், அது அந்தப் பழைய ஆம்பிலிருந்து அப்படியே வந்த பெயர். வைப்ரேட்டோ என்றால் கமகத்தில் போல சுரம் அசைய வேண்டும். இதில் அசைவது ஒலியளவு மட்டுமே. ஒளியுணர் மின்தடையை விளக்கு ஒன்று ஒளிர்ந்து அணைந்து இயக்குவதால் வரும் அந்த அலை மிக அழகானது. தாளத்தைக் காலால் தட்டி வேகம் அமைக்கும் வசதி இதில் இல்லை. பாட்டின் காலப்பிரமாணத்தைக் காதால் கேட்டு, குமிழை மயிரிழையாக நகர்த்தித்தான் பொருத்த வேண்டும். மெதுவான இரண்டு பாடல்களில் அதைச் செய்கிறேன். வேகம் கூடிக் குறையும் பாடல்களில் அதைத் தொடுவதில்லை.

இனி, என்னிடம் வந்த ஆம்பில் இருந்த குறைகள். இரண்டாவது ஒத்திகையில், ஆறாவது கம்பியின் மூன்றாவது கட்டையில் ஜி வாசிக்கும்போதெல்லாம் ‘ர்ர்ர்’ என்று ஓர் அதிர்வு சேர்ந்து வந்தது. வேறு எந்தச் சுரத்துக்கும் இல்லை. முதலில் ஸ்நேர் டிரம்மின் அடியில் உள்ள கம்பிகள்தான் அதிர்கின்றன என்று நினைத்து அவற்றைத் தளர்த்தினோம். பாதிச் சத்தம் போயிற்று, மீதிப் பாதி நின்றது. பிறகு பென்சிலின் பின்முனையால் வால்வுகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினேன். முன்நிலை 12ஏஎக்ஸ்7 வால்வுகளில் ஒன்று, தட்டியதை மணிபோல் ஸ்பீக்கரில் திருப்பிச் சொன்னது. ஆனால் ஜி-யின் அதிர்வுக்கு அதுவும் காரணமல்ல. கடைசியில் கீபோர்டு வாசிப்பவர் ஆம்பின் முதுகுப் பலகையைக் கையால் அழுத்திப் பிடித்ததும் சத்தம் நின்றது. 98 ஹெர்ட்ஸுக்கு மட்டும் அந்தப் பலகை அதன் திருகாணியில் துள்ளிக்கொண்டிருந்தது. கம்பளித் துணியை மெல்லிய பட்டையாக வெட்டி விளிம்பில் ஒட்டி, திருகாணியை இறுக்கினேன். இன்றுவரை அது திரும்பவில்லை. மணியடித்த வால்வுக்குப் பதிலாகச் செய்தவர்களே வேறொன்றை அனுப்பிவைத்தார்கள், அதற்காகக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும், கையால் செய்த பொருளில் ஒரு திருகாணி தளர்ந்து வருவது எனக்கு வருத்தமே.

முன்நிலை வால்வை மாற்றுவதற்கு ஆம்பை அணைத்து, ஆறவிட்டு, பின்பக்கத்திலிருந்து கழற்றி மாட்டினால் போதும். அதைத் தாண்டி உலோகச் சட்டகத்தைத் திறக்கத் தெரியாதவர் திறக்கவே கூடாது. மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள மின்தேக்கிகளில் 400 வோல்ட் வரை தேங்கி நிற்கலாம். அது உயிரை வாங்கும். ஸ்பீக்கர் இணைப்பு கழன்ற நிலையில் ஆம்பை இயக்குவதும் கூடாது. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும்.

மேடை நிகழ்ச்சி ஒரு நடுத்தர அரங்கில். ஆம்பின் முன் ஷூர் எஸ்எம்57 மைக் ஒன்றை, ஸ்பீக்கரின் நடு மூடியும் கூம்பும் சேரும் விளிம்புக்கு நேராக, நாலு விரல் தள்ளி வைத்தோம். 1965 முதல் அதே வேலையைச் செய்துவரும் அந்த மைக்கை இரண்டு சென்டிமீட்டர் நடுவே நகர்த்தினால் ஒலி கூர்மையாகிறது, வெளியே நகர்த்தினால் மழுங்குகிறது; ஒலிப்பதிவாளர் அந்த இரண்டு சென்டிமீட்டருக்குள் பொறுமையாகத் தேடிக் கண்டுபிடித்த இடத்தை நாடாவால் ஒட்டி அடையாளம் செய்துவிட்டேன். 100 வாட் ஆம்போடு போகும்போதெல்லாம் மேடை ஒலியைக் குறைக்கச் சொல்வார்கள். நான் குறைப்பேன், குறைத்ததும் என் ஒலி செத்துவிடும். இந்த முறை நாலரையில் வைத்திருந்தேன், குறைக்கும்படி யாரும் சொல்லவில்லை. அரங்குக்குப் போகும் ஒலியைப் பெரிய ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்ள, ஆம்புக்கு மேடையில் எங்கள் ஐவரை மட்டும் எட்டும் வேலைதான் இருந்தது. மூன்றாவது பாடலின் நடுவில் பாடகர் தன் கிட்டாரை நிறுத்திவிட்டுப் பாடினார். பிறகு கேட்டபோது, தன் குரல் தனக்கே அவ்வளவு தெளிவாகக் கேட்டதால் கிட்டாரின் துணை தேவைப்படவில்லை என்றார்.

அவருடைய ஆம்ப் நடுப்பகுதி மிகுந்த ஒலி தரும் இன்னொரு மரபைச் சேர்ந்தது. என் ஆம்பில் குழி இருக்கும் இடத்தில் அவருடையதில் மேடு இருக்கிறது. முன்பெல்லாம் இருவரும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொண்டிருந்த எங்கள் கிட்டார்கள், இப்போது ஒன்று மேலும் ஒன்று நடுவிலுமாகப் பிரிந்து கேட்கின்றன. இரண்டு கிட்டார்கள் உள்ள குழுவில் இருவரும் இந்த ஆம்பையே வாங்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு இதுவே காரணம்.

டிரம்ஸுக்கு மைக் வைத்து, மேடையில் அடக்கி வாசிக்கும் குழுக்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கனத்த இசை வாசிப்பவர்களுக்கும், எவ்வளவு உரக்கப் போனாலும் ஒலி துளியும் சிதையக்கூடாது என்பவர்களுக்கும் இது ஆகாது. அவர்களுக்கு 85 வாட் அளவில் இரண்டு ஸ்பீக்கர்கள் உள்ள பெரிய ஆம்பே சரி. நான் அடுத்து செய்யப்போவது, 100 டெசிபல் உணர்திறன் உள்ள 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றை, மின்மறுப்பு அதே 8 ஓம் தானா என்று சரிபார்த்து மாட்டிப் பார்ப்பது. அது வந்தால் தூய ஒலியின் எல்லை இன்னும் கொஞ்சம் நகரும். டிரம்ஸ் கலைஞர் பழைய தடித்த குச்சிகளை மீண்டும் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். ஒரு பாடலுக்கு மட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.